சட்டை வாங்கினேன்... போட முடியவில்லை!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "நாட்டின் முன்னேற்றத்தில் தொழில்நுட்பம்" என்று எழுதலாமா என யோசித்தேன். அதை எழுத நம்மிடையே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நான் வாங்கிய ஒரு சட்டையைப் பற்றி.

சிவப்புச் சட்டை. முதுகில் நெருப்பு எரியும். விலை 3,400 ரூபாய். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சட்டையை நான் ஒரு நாள்கூடப் போட்டதில்லை. போடவும் முடியாது. ஏனென்றால் அது செல்போன் துப்பாக்கி விளையாட்டில் என் ஆள் போட்டுக்கொள்ளும் சட்டை! விளையாட்டின் பெயர் வேண்டாம். வளவனூர் ஸ்டேஷனில் காலை பாசஞ்சரிலிருந்து இறங்கும் நம்மில் பாதிப் பேர் கையில் அதுதான் இருக்கிறது.

ஏன் வாங்கினேன்? அந்தச் சட்டை போட்டால் குண்டு படாதா? படும். ஓட்டம் கூடுமா? கூடாது. ரயிலில் ஒருவன் கேட்டான்: "இன்னாடா, இன்னும் கம்பெனி குடுத்த சட்டையே போட்டுனு சுத்துற? நீ என்ன பாட்-ஆ?" ஆள் இல்லாமல் கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் பொம்மைக்குத்தான் 'பாட்' என்று பெயர். சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரியே முதல் பெட்டியைத் திறந்தேன்.

ஆமாம், சட்டையை நேராக விற்கமாட்டார்கள். பெட்டியைத்தான் விற்பார்கள். பெட்டிக்குள் சட்டை இருந்தாலும் இருக்கும். ஒன்றுக்கும் ஆகாத தொப்பி இருந்தாலும் இருக்கும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. புத்தகம் வாங்கவும் பஸ்ஸுக்கும் வந்த பணம். மூன்று மாதப் பணம் பெட்டி பெட்டியாகப் போயிற்று. மீதியை அம்மாவிடம் "ரெக்கார்டு நோட்டு" என்று சொல்லி வாங்கினேன்.

அரியருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டும் நாள் வந்தது. கையில் காசில்லை. என் அப்பா விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். வேறு வழியில்லாமல் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எங்க, அந்தச் சட்டைய காட்டு" என்றார். போனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு... தொவச்சா சாயம் போவாதுல்ல?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. இப்போதும் ஆடுகிறேன். என் சித்தப்பா சின்ன வயதில் டி.வி.யில் கேசட் சொருகி மரியோ ஆடியவர். அந்தக் கேசட் இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. தூசி தட்டிச் சொருகினால் ஓடும். அவர் ஒரு முறை பணம் கொடுத்தார், பொருள் அவருடையது ஆயிற்று. நான் கொடுத்த பணத்துக்கு என் பரணில் என்ன இருக்கிறது?

இந்த வியாபாரம் எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்த்தேன். 2006 ஏப்ரலில் 'ஆப்லிவியன்' என்ற விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசம் விற்றார்கள். விலை 2.50 டாலர். "இல்லாத குதிரைக்குக் கவசமா!" என்று உலகமே கேலி செய்தது. கேலி செய்த உலகம்தான் இன்று துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கக் காசு கொடுக்கிறது.

பெட்டியின் கணக்குக்கு வருவோம். நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். கணக்கைக் கண்டு பயப்படலாமா? ஒரு பெட்டியில் சட்டை விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். "அப்போ நூறு பெட்டி திறந்தா கண்டிப்பா கிடைக்கும்" என்றுதான் நானும் நினைத்தேன். தப்பு! ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் போக 0.99 வாய்ப்பு. அதை நூறு தடவை பெருக்கினால் 0.366. அதாவது நூறு பெட்டி திறந்த நூறு பேரில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள்! பெட்டி 50 ரூபாய் என்றால், ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு.

போதாக்குறைக்கு, ரூபாயை நேராக வாங்கமாட்டார்கள். வைரமாகவோ காசாகவோ மாற்றச் சொல்வார்கள். அப்படி மாற்றியதும் அது அப்பாவின் கூலி என்பதே மறந்துவிடுகிறது. ஐம்பது ரூபாய்க்கு யோசிக்கிற கை, அறுபது வைரத்துக்கு யோசிப்பதில்லை.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. சுரண்டல் லாட்டரி தெரியாதவர்களா அவர்கள்? எத்தனையோ குடும்பங்களின் கூலிப் பணம் நகத்தால் சுரண்டியே போன கதையை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2003-இல் தமிழக அரசு லாட்டரி விற்பனைக்குத் தடை போட்டது. அந்தச் சீட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? சீட்டில் ஜெயித்தால் பணமாவது வரும்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்த சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டங்களின் குறி பணம் வைத்துப் பணம் எடுக்கும் ஆட்டம். நம் பெட்டியிலிருந்து வருவது சட்டை ஆயிற்றே! பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று முடிவு கட்டினார்கள். இங்கேயும் 18 வயது ஆகாதவருக்குப் பெட்டி விற்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டும் என்பது என் கருத்து. நம் முதலாண்டுத் தம்பிகளில் பலருக்குப் பதினெட்டு ஆகவில்லை.

"வாங்கினா வாங்கினதுதானே, அது நம்ம சொத்துதானே?" என்று என் நண்பன் வாதம் செய்தான். அவனுக்கு மூன்று சங்கதி சொல்கிறேன். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்தியாவில் அதன் சர்வர் நின்றது. வேறு பெயரில் 2021 ஜூலையில் திரும்பி வந்து, பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். ஆனால் இடையில் எட்டு மாதம் யார் சொத்தும் யார் கையிலும் இல்லை. வந்தது மறுபடி 2022 ஜூலையில் கடையிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. இது ஒன்று. 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை 2014-இல் காசு கொடுத்து வாங்கினார்கள். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தியதும் விளையாட்டே திறக்கவில்லை. இது இரண்டு. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் கத்தி வாங்கி வைத்தால் தங்கம் மாதிரி விலை ஏறும் என்றார்கள். 2025 அக்டோபரில் கம்பெனி ஒரே ஒரு விதியை மாற்றியது, கத்திகளின் விலை சரிந்தது. இது மூன்று. சாவி ஒருவரிடமும் சரக்கு ஒருவரிடமும் இருந்தால், அதற்குப் பெயர் சொத்தா?

புதுசு புதுசாக வருகிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபாவளிக்குப் படம் ரிலீஸ் ஆவது போல இவர்கள் 'சீசன்' விடுகிறார்கள். போன சீசன் சட்டையை இந்த சீசனில் போட்டால் மறுபடி நாம் 'பாட்'! என் நெருப்புச் சட்டைக்கும் அந்தக் கதிதான். இரண்டே மாதத்தில் பனிச் சட்டை வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஜி.டி.ஏ. ஐந்தாம் பாகம் வந்தது 2013-இல். அடுத்த பாகம் 2025 என்றார்கள், 2026 மே என்றார்கள், பிறகு நவம்பர் என்றார்கள். கல்யாணத் தேதி தள்ளிப்போனால்கூட நம் பையன்கள் இவ்வளவு வருத்தப்பட மாட்டார்கள்.

ஆனால் புதிதாக வருவதெல்லாம் குப்பை என்று சொல்லமாட்டேன். 2023 ஜூலை 31-இல் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு வந்தது. கனடாவின் டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. ஊரை விட்டுப் போன ஒரு தமிழ்க் குடும்பம். கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பை வைத்து நாம் இட்லி சுட வேண்டும். துப்பாக்கி இல்லை, பெட்டி இல்லை. 2024-இல் அதற்கு இங்கிலாந்தின் பாஃப்டா விருது கிடைத்தது. நம் வீட்டு இட்லிப் பானையை வைத்து உலகத்தை விளையாட வைத்திருக்கிறார்கள்! நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? சட்டைக்குப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தோம்.

நண்பர்களே, அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மூன்றே வேண்டுகோள்.

ஒன்று: இதுவரை விளையாட்டில் போட்ட பணத்தைக் கூட்டி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

இரண்டு: காட்பாட், பிளெண்டர் என்று... மன்னிக்கவும், காட்பாட் இல்லை, கொடோ! வாயில் நுழையாவிட்டாலும் இரண்டு மென்பொருளும் இலவசம். கம்ப்யூட்டர் துறைத் தம்பிகள் லேபில் ஏற்றிப் பாருங்கள். கிட்டிப்புள்ளையே ஒரு விளையாட்டாகச் செய்யலாமே!

மூன்று: வரும் விளையாட்டு விழாவில் பேரவை ஒரு செல்போன் போட்டியும் வைக்கட்டும். ஒரே நிபந்தனை, எல்லாரும் கம்பெனி கொடுத்த இலவசச் சட்டைதான் போட வேண்டும். அன்று தெரியும், யார் ஆட்டக்காரன், யார் சட்டைக்காரன் என்று!

அரியர் பாஸாகிவிட்டது. ஸ்காலர்ஷிப் பணத்தில் போன மாதம் அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தேன். 450 ரூபாய். முதல் தடவை துவைத்ததிலேயே கொஞ்சம் சாயம் போனது.

ஆனாலும் அப்பா அதைத்தான் போட்டுக்கொண்டு கமிட்டிக்குப் போகிறார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை