வீடு கொடுத்தால் போதுமா? காற்றும் வெளிச்சமும் வேண்டாமா?

ஒருவர் நோயில் விழுந்தால் நம்மவர்கள் என்ன கேட்கிறார்கள்? "குடிப்பழக்கம் உண்டா? பீடி பிடிப்பாரா? வேளாவேளைக்குச் சாப்பிடுவாரா?" என்று கேட்கிறார்கள். "எந்தப் பகுதியில், எத்தனையாவது மாடியில் குடியிருக்கிறார்?" என்று யாரும் கேட்பதில்லை. மும்பைத் தமிழர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரு டாக்டரம்மாவின் ஆராய்ச்சி

ஆனா டியஸ் ரூ என்பவர் அர்ஜெண்டினா நாட்டைச் சேர்ந்தவர். குழந்தை மருத்துவம் படித்து, பிறகு அமெரிக்கா சென்று பொது சுகாதாரத் துறையில் இறங்கியவர். 2014-ம் ஆண்டு பிலடெல்பியாவில் உள்ள ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரக் கல்லூரிக்குத் தலைமைப் பொறுப்பேற்றார்.

இவரும் இவருடைய குழுவினரும் 2001-ம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி மருத்துவ உலகில் பெரிதும் பேசப்பட்டது. அமெரிக்காவில் 4 இடங்களைச் சேர்ந்த, 45 முதல் 64 வயது வரை உள்ள 13,009 பேரின் விவரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சராசரியாக 9 ஆண்டுகள் அவர்களுடைய உடல்நிலை கவனிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் 615 பேருக்கு மாரடைப்பு முதலான இதய நோய் கண்டது.

வசதி குறைந்த வட்டாரங்களில் நோய் அதிகம். இதில் வியப்பில்லை. "ஏழைகள்தானே அங்கே இருக்கிறார்கள்? வறுமைதான் காரணம்" என்று யாரும் சொல்லிவிடலாம். அந்த அம்மையார் அதோடு விடவில்லை. சம்பளம், படிப்பு, வேலை மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அவற்றில் சமமாக உள்ளவர்களையே ஒப்பிட்டார். அப்போதும் வித்தியாசம் மறையவில்லை. மிகவும் பின்தங்கிய வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு, வசதியான வட்டாரத்தில் இருந்தவர்களைவிட இதய நோய் வெள்ளையர்களிடையே 1.7 மடங்காகவும், கறுப்பர்களிடையே 1.4 மடங்காகவும் இருந்தது.

நம் பாஷையில் சொல்வதானால், ஒரே சம்பளம் வாங்கும், ஒரே படிப்புப் படித்த இரண்டு குமாஸ்தாக்கள். ஒருவர் மரமும் மைதானமும் உள்ள பகுதியில் இருக்கிறார். மற்றவர் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இருவருக்கும் ஆயுள் ஒன்றாக இராது. நோய்க்கு மனிதனின் பழக்கவழக்கம் மட்டும் காரணம் அல்ல. அவன் குடியிருக்கும் இடமும் ஒரு காரணம்.

மும்பையின் கடைசி வார்டு

"அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். மும்பைக்கே வருவோம்.

மும்பை மாநகராட்சியின் 2009-ம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு அறிக்கையில், நகரின் 24 வார்டுகளில் கடைசி இடம் எம்-கிழக்கு வார்டுக்குத்தான் கிடைத்தது. கோவண்டி, மான்கூர்டு, தேவ்னார் எல்லாம் அதில் அடங்கியவை. 1927-ம் ஆண்டு முதல் நகரத்தின் குப்பையைச் சுமந்துவரும் தேவ்னார் குப்பைமேடும் அங்கேதான் இருக்கிறது. 2016-ம் ஆண்டு ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தபோது, நகரமே புகையில் மூழ்கியது நினைவிருக்கும்.

நம்மவர்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பும் அதே வார்டுதான். 1976-ம் ஆண்டு ஜனதா காலனியை இடித்துவிட்டு மக்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்த மக்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2000-ம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர். ஆகவே எம்-கிழக்கு வார்டின் கதை நமக்கு அன்னியக் கதை அல்ல.

கீழ்மாடியும் காச நோயும்

2000-ம் ஆண்டுக்குப் பிறகு, ரயில் பாதையோரமும் சாலையோரமும் இருந்த குடிசைகளை அகற்றி, ஆயிரக்கணக்கான குடும்பங்களை இந்த வார்டில் கட்டிய அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். ரயில்வே ஊழியன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இடம் ரயில்களுக்கு அவசியம் தேவைப்பட்டது. தண்டவாளத்துக்கு நாலடி தூரத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாழ்வதும் வாழ்க்கை அல்ல. ஆனால் போன இடத்தில் கிடைத்தது என்ன?

அங்குள்ள நட்வர் பாரேக் காம்பவுண்டு, லல்லுபாய் காம்பவுண்டு, பி.எம்.ஜி.பி. காலனி ஆகிய மூன்று குடியிருப்புகளிலும் டாக்டர்களும் கட்டடக்கலை அறிந்தவர்களும் சேர்ந்து 4,080 வீடுகளில் ஆய்வு நடத்தினார்கள். இட நெருக்கடி குறைந்த பி.எம்.ஜி.பி. காலனியில் காச நோய் குறைவாக இருந்தது. கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் மற்ற இரண்டிலும் அதிகமாக இருந்தது. அங்கே ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் சுமார் 3 மீட்டர்தான் இடைவெளி. வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் இருப்பவர்களையே நோய் அதிகம் பிடித்திருந்தது.

காரணம் எளிது. காச நோய்க் கிருமி காற்றில் பரவுவது. நல்ல வெயிலில் அது செத்துவிடும். காற்றோட்டம் இருந்தால் கலைந்துவிடும். பகலிலும் விளக்குப் போடவேண்டிய அறையில் ஒருவர் இருமினால், அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. மருந்து கொடுத்துக் குணப்படுத்தி மறுபடியும் அதே இருட்டறைக்கு அனுப்பினால் என்ன பயன்?

அடுத்தது தாராவி

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. தாராவி சீரமைப்புத் திட்டத்தில், 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவியிலேயே வீடு என்றும், மற்றவர்களுக்கு வெளியே வீடு என்றும் அறிவித்தார்கள். அந்த "வெளியே" எது? 2024-ம் ஆண்டு அக்டோபரில் மராட்டிய அமைச்சரவை, தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் சுமார் 124 ஏக்கரை இதற்காக ஒதுக்கியது!

"குடிசையில் கிடந்தவனுக்கு அடுக்குமாடி வீடு கிடைக்கிறதே, அதில் குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று சொன்னவர்கள் நம் முன்னோர்கள். சொந்த வீட்டின் அருமை வாடகைக்கு இருப்பவனுக்குத் தெரியும். சீரமைப்பு வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. வளைக்குக் கூடக் காற்று வரும் வழி வேண்டும் என்பதுதான் என் வாதம். எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால், மிச்சம் பிடித்த வாடகை ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

ஆகவே சொசைட்டிக் கூட்டங்களில் நம்மவர்கள் துணிந்து கேட்கவேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் இடைவெளி? கீழ்த்தளத்து ஜன்னலில் வெயில் படுமா? மருந்தகம் எத்தனை நிமிட நடையில் இருக்கிறது? பிள்ளைகள் விளையாட இடம் எங்கே? குப்பைமேட்டு நிலம் என்றால், அங்கே மண்ணும் காற்றும் சுத்தமாகிவிட்டன என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வரும்வரை சம்மதக் கையெழுத்துப் போட அவசரப்படக் கூடாது.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நடத்தவேண்டியதுதான். அதோடு ஆண்டுக்கு ஒரு முறை, எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், எத்தனை பேருக்குக் காச நோய், ஆஸ்துமா என்று வீடு வீடாகக் கணக்கு எடுக்கவேண்டும். ஆட்களின் பெயரை வெளியிட வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும். படித்த பிள்ளைகள் நாலு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவிட்டால் முடியும். வெறும் மனுவைக் குப்பைக்கூடையில் போடும் அதிகாரி, கணக்கோடு வரும் மனுவை அப்படித் தள்ளிவிட முடியாது.