நம்பர் போட்டால் அது கணக்கு!



பழசுக்கு இப்போது பயங்கர மவுசு. ஃபோனில் எடுத்த படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரத்தில் துளை போட்டு, பக்கத்தில் நம்பர் கொடுத்து, ஒரே தாளில் வரிசையாக அடுக்கி, "அட, ஃபிலிம்ல எடுத்த மாதிரியே இருக்கே!" என்று நாலு பேரைச் சொல்ல வைப்பதில் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நம் விடுதி அறிவிப்புப் பலகையில் அப்படி ஒன்றை முதன்முதலாக ஒட்டியவனே நான்தான். ஒட்டியதோடு போகவில்லை, அதனால் ஒரு மனிதர் தலைகுனிந்து நின்றார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாமாவின் டப்பா

என் தாய்மாமா ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய காண்டாக்ட் ஷீட்டுகள் கிடந்தன. ஒரு கல்யாணம், ஒரு தேர்த் திருவிழா, ஒரு வெள்ளம்... ஒவ்வொன்றும் ஒரே தாளில் குட்டிக் குட்டிப் படங்களாக. சில படங்களைச் சுற்றி சிவப்புப் பென்சிலில் வட்டம். பார்த்ததுமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நண்பர்களில் பலருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். 1925-ல் ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா கேமரா வெளிவந்தது. சினிமாவுக்காக இருந்த 35 மி.மீ. ஃபிலிமையே அதில் போட்டார்கள். ஒரு படத்தின் அளவு 24×36 மி.மீ. ஃபிலிம் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் 4.75 மி.மீ.; ஒரு படத்துக்கு 8 துளை; ஆக, ஒரு படத்துக்கு இடைவெளியும் சேர்த்து 38 மி.மீ. (நமக்குப் பிடித்த கணக்குதான்!)

இவ்வளவு சின்ன நெகட்டிவைக் கண்ணால் பார்த்து எது நல்ல படம் என்று முடிவு செய்வது கஷ்டம். அதனால் 36 படச் சுருளை ஆறு ஆறாக வெட்டி, இருட்டறையில் 8×10 அங்குல பேப்பர் மேல் நேரடியாகப் படுக்க வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில விநாடி வெளிச்சம் காட்டி, டெவலப்பரிலும் ஹைப்போவிலும் போட்டு எடுப்பார்கள். நெகட்டிவ் பேப்பரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதற்குக் காண்டாக்ட் என்று பெயர். ஆறு துண்டுக்கு 210 மி.மீ. அகலம் வேண்டும், பேப்பரோ 203 மி.மீ.தான். "ஓரத்துத் துளை கொஞ்சம் வெளியே போகும், போகட்டும். படம் ஒண்ணுகூடப் போகக் கூடாது" என்பார் மாமா.

நான் செய்த வேலை

விடுதி தின விருந்து வந்தது. நாலு நண்பர்களின் ஃபோனில் இருந்து வாட்ஸ்அப்பில் முந்நூறுக்கு மேல் படங்கள் வந்து குவிந்தன. 36 மட்டும் பொறுக்கினேன். இணையத்தில் கிடைத்த ஒரு சட்டத்தில் அடுக்கினேன். கறுப்புப் பின்னணி, வெள்ளைத் துளைகள், ஓரத்தில் ஒரு ஃபிலிம் கம்பெனிப் பெயர், 1 முதல் 36 வரை நம்பர். எந்தப் படம் எங்கே என்பதை நான்தான் முடிவு செய்தேன். ஒரு குளோசப், ஒரு தூரக் காட்சி, ஒரு சிரிப்பு என்று கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று இடங்களில் சிவப்பு வட்டமும் போட்டேன். பலகையில் ஒட்டினேன். பெரிய பாராட்டு!

சாயங்காலத்துக்குள் பாராட்டு வேறு மாதிரி திரும்பியது.

"டேய், மாஸ்டர் ஃபர்ஸ்ட் இயர் பையனை அடிச்சிட்டாராமே?"

"யார்றா சொன்னது?"

"நீ ஒட்டின ஷீட்லயே இருக்கே! பதினாலாவது படத்துல கரண்டிய ஓங்குறார். பதினஞ்சுல தட்டு கீழ கிடக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். 14-ல் மெஸ் மாஸ்டர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். 15-ல் தரையில் எவர்சில்வர் தட்டு, சிதறிய சோறு, குனிந்து நிற்கும் பையன். அந்தப் பையனே வந்து, "அண்ணே, நான் வழுக்கித்தான் விழுந்தேன்" என்று சொல்லியும் பயனில்லை. பயந்துபோய்ப் பொய் சொல்கிறான் என்றார்கள்! மறுநாள் மாஸ்டரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

நாலு விநாடி

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எடுத்த நேரம் போன்ற உள்விவரங்கள் அழிந்துபோகும். கோப்புக்குப் பெயரும் புதிதாகிவிடும். ஆகவே என்னிடம் இருந்த படங்களில் எது முன், எது பின் என்று நானே சொல்ல முடியாது. நண்பர்களைப் பிடித்து மூலப் படங்களை வாங்கினேன். தட்டு விழுந்த படம் 12 மணி 52 நிமிடம் 7 விநாடி. கரண்டி தூக்கிய படம் 11-வது விநாடி. இரண்டுக்கும் நடுவில் நான் 'ஆடியிருக்கு' என்று தள்ளிய ஒரு படம். அதில் மாஸ்டர் வரிசையில் வருகிறவர்களைப் பார்த்து இடது கையைக் காட்டி நிறுத்துகிறார். பையன் விழுந்த பிறகு, "நில்லுங்க, தண்ணி கிடக்கு" என்று பின்னால் வந்தவர்களைத் தடுக்கத்தான் கரண்டி மேலே போயிருக்கிறது. விழுந்தவனைக் காப்பாற்றியவரை அடித்தவராக்கியது என் அழகுணர்ச்சி!

மூன்றையும் வரிசையாக, நேரத்தோடு அச்சடித்து ஒட்டினேன். விசாரணை முடிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் படிக்காதவன். ஆனா நம்பர் போட்டிருந்தா அது வரிசைன்னு எனக்கே தெரியும். படிச்ச பிள்ளைங்க நம்பாம என்ன செய்வாங்க?" என்றார்.

நண்பர்களே, மூன்று வருடப் படிப்பில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குப் பாடம் நடத்தியதில்லை.

மாமாவிடம் அந்த ஷீட்டைக் காட்டினேன். முதலில் சிரித்தார். "மாப்ளே, துளை எப்படிடா வெள்ளையா வரும்? துளை வழியா வெளிச்சம் நேரா பேப்பர்ல விழுந்தா அந்த இடம் கறுத்துல்ல போகும்!" பிறகு சிரிக்காமல் சொன்னார்: "ஓரத்து நம்பர் நாம போடுறது இல்ல. ஃபிலிம் செய்யிற ஃபேக்டரியிலேயே பதிஞ்சு வரும். நீ எடுக்குறதுக்கு முன்னாடியே அது அங்க இருக்கு. மாத்த முடியாது. அதனாலதான் அதுக்கு மதிப்பு."

அழகுக்குத்தானே?

"சும்மா அழகுக்குத்தானே செய்யறோம், இதுக்கு இவ்வளவு பிரசங்கமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். பிறந்த நாள் படத்துக்குத் துளை போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்தத் துளையும் நம்பரும் ஏன் நம்மைக் கவர்கின்றன? 'இது உண்மை, நடந்தது நடந்தபடி' என்று அவை சொல்வதால்தானே! அந்த நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டு வரிசையை மட்டும் நம் இஷ்டத்துக்கு மாற்றுவது, அளவு எடுக்காமலே ரீடிங் எழுதிய லேப் ரெக்கார்டு மாதிரி. (எழுதாதவர்கள் கையைத் தூக்கவும்!)

டயான் ஆர்பஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1962-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு சிறுவனைப் படமெடுத்தார். ஒரு கையில் பொம்மைக் கையெறி குண்டு, இன்னொரு கை கழுகு நகம் போல் வளைந்திருக்க, வெறி பிடித்த முகம். உலகப் புகழ் பெற்ற படம். அதன் காண்டாக்ட் ஷீட்டைப் பார்த்தால், மற்ற படங்களில் அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும் சாதாரண விளையாட்டுப் பையன். ஆர்பஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது கலைஞரின் உரிமை. ஆனால் மற்ற படங்களும் அதே தாளில் பிழைத்திருப்பதால்தான் அந்தப் பையனுக்கும் நியாயம் கிடைக்கிறது. ராபர்ட் ஃபிராங்க் 1955, 56-ல் அமெரிக்காவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் படமெடுத்து, புத்தகத்தில் சேர்த்தது 83 மட்டுமே. தேர்ந்தெடுப்பது தப்பில்லை. எதிலிருந்து தேர்ந்தெடுத்தோம் என்பதை மறைப்பதுதான் தப்பு.

ஆகவே...

டிஜிட்டலில் காண்டாக்ட் ஷீட் செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மூன்று விஷயம். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த நேரம் தப்பிக்கும். தனிக் கேமரா என்றால் முதலில் கடிகாரத்தைச் சரி செய்யுங்கள். நேர வரிசையிலேயே அடுக்குங்கள். ஆடியது, கண் மூடியது, மங்கியது எதையும் எடுத்துவிடாதீர்கள். பொய் நம்பரும் ஃபிலிம் கம்பெனிப் பெயரும் வேண்டாம். அந்த இடத்தில் எடுத்த நேரத்தைப் போடுங்கள். பார்க்கக் கொஞ்சம் அழகு குறையலாம். குறையட்டுமே!

மாஸ்டர் இப்போதும் நமக்குச் சாம்பார் ஊற்றுகிறார். ஆனால் யாராவது ஃபோனைத் தூக்கினால் கரண்டியை வாளியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவரைத் திரும்பவும் நம் பக்கம் பார்க்க வைப்பது எந்தச் சாஃப்ட்வேராலும் ஆகாது. அது நம் கையில்தான் இருக்கிறது.

— இறுதியாண்டு, இயந்திரவியல்