மலை உச்சியில் ஏறி என்ன பயன்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாம் நண்பர்கள் நாலு பேர் தொட்டபெட்டா பக்கம் ஒரு மேட்டுக்குப் போனோம். செங்குத்து ஆன்டெனாவை நட்டு 15 மீட்டர் பேண்டில் கூப்பிட்டோம். மத்தியானத்துக்கு மேல் இத்தாலிக்காரர் ஒருவர் பதில் சொன்னார். ஒரே ஆரவாரம். கூட வந்த தம்பி மட்டும், "சார், மதுரை ஏன் கேட்கலை?" என்றார். "கண்டிஷன் சரியில்லைப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினோம்.

கண்டிஷன் நன்றாகத்தான் இருந்தது. தப்பு நம்முடையது.

21 மெகாஹெர்ட்ஸ் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பி, சுமார் 300 கி.மீ. உயரத்தில் உள்ள எஃப் அடுக்கில் பட்டு, வெகுதூரம் தள்ளித்தான் தரையில் இறங்கும். நேர்கோட்டில் 225 கி.மீ.யில் இருக்கும் மதுரையை அது தாண்டிப் போய்விடும். இதற்கு மலை உச்சி ஒன்றும் செய்ய முடியாது.

பக்கத்து மாவட்டங்களோடு பேச வேண்டுமானால் அலையை நேர் மேலே அனுப்ப வேண்டும். 20 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் வெட்டி, கேபிளை இணைத்து, தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் படுக்கையாகக் கட்டினால் போதும். தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் இரண்டு கிடைத்தால் வேலை முடிந்தது. பகலில் 40 மீட்டர் பேண்ட். இருட்டிய பிறகு எஃப் அடுக்கு மெலிந்து, 7 மெகாஹெர்ட்ஸ் திரும்பாமல் போனால் 80 மீட்டருக்கு இறங்க வேண்டும். பகலில் 80 மீட்டர் எடுபடாது. கீழே இருக்கும் டி அடுக்கு அதை விழுங்கிவிடும். இவ்வளவுதான் கண்டிஷன். ஜோசியம் இல்லை.

"இரண்டு மீட்டர் வாக்கிடாக்கிக்கு உயரம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். உச்சியில் நின்றால் கோயம்புத்தூர் வரை கணீரென்று கேட்கும். ஆனால் ஆபத்து நேரத்தில் நாம் உச்சியிலா இருப்போம்?

2009 நவம்பர் மழையை மறந்துவிட்டோமா? நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். சாலைகள் துண்டிக்கப்பட்டன, மலை ரயிலும் நின்றது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மண் சரிந்த பள்ளத்தில், லைன் வீட்டு வாசலில் இருந்துகொண்டுதான் பேச வேண்டியிருக்கும். சுற்றிலும் மலை. வாக்கிடாக்கியின் அலை முதல் மேட்டிலேயே நின்றுவிடும். தாழக் கட்டிய கம்பியின் அலையோ மேலே போய்க் குடை மாதிரி விரிந்து இறங்கும். அதற்கு மலை ஒரு தடையே இல்லை.

நாமோ தாழ்ந்த ஆன்டெனாவைக் கண்டால் "துணி காயப்போடவா?" என்று கேலி செய்கிறோம். வெளிநாட்டு அட்டைகளைச் சுவரில் ஒட்டிக்கொள்வது சந்தோஷம்தான், என் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஆனால் "பேரிடரில் உதவுவோம்" என்று மேடையில் பேசிவிட்டு, பக்கத்து மாவட்டத்தை ஒருநாளும் கூப்பிட்டுப் பார்க்காதது ஏமாற்று வேலை.

அடுத்த ஞாயிறு குன்னூருக்குக் கீழே ஒரு பள்ளத்தில், ஒரு 12 வோல்ட் பேட்டரியோடு உட்கார்ந்து மதுரையைக் கூப்பிடப் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். கம்பம் வேண்டாம். கொஞ்சம் கயிறு கொண்டுவந்தால் போதும்.