கல்லூரிக் கதவு உழைப்பாளிக்கும் திறக்கட்டும்!

தை மாதம் 5ஆம் நாள் மணலூர்பேட்டைத் தென்பெண்ணை ஆற்றில் கூடுகிற கூட்டத்தை யாரும் அழைப்பிதழ் அச்சிட்டுக் கூட்டுவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிறார். சுற்றுவட்டக் கிராமங்கள் மணலில் இறங்குகின்றன. அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்து நடந்தால், பகலெல்லாம் நாற்று நட்ட ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். உழைப்பாளி மக்களுக்குக் கலையில் நாட்டமில்லை என்று சொல்கிற கனவான்கள் ஓர் இரவு அங்கே வந்து பார்க்கட்டும்!

ஆனால் இதே ஜனங்களைக் கல்லூரிகளின் கலை விழாவிலோ இலக்கியக் கருத்தரங்கிலோ காண முடிவதில்லை. காரணம் என்ன? பொதுவாக இவை பகலில் தொடங்கிப் பகலிலேயே முடிகின்றன. அப்போது விவசாயத் தொழிலாளி வயலில் நிற்கிறார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஷிப்டில் நிற்கிறார். தன் மகளே மேடையேறிப் பேசினாலும், அதைக் கேட்கத் தகப்பன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். இது என்ன நியாயம்?

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. திருக்கோவிலூரில் இன்று அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய கல்லூரிகளே கதி. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் சர்க்கார் கல்லூரி என்பது யார் பணம்? சோப்பு முதல் தீப்பெட்டி வரை வாங்கும்போதெல்லாம் நாம் கட்டுகிற வரிப்பணம். பிள்ளைக்குத் திறந்த கதவு பெற்றோருக்கும் திறக்க வேண்டாமா?

அங்கே பேசவேண்டிய விஷயமோ நம் காலடியிலேயே கிடக்கிறது. மணலூர்பேட்டைக்கு அருகே ஜம்பை என்ற கிராமம். அங்குள்ள பாறைக் குகையில் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருப்பது 1981இல் தெரியவந்தது. ஒரே வரிதான். அதியமான் நெடுமான் அஞ்சி அந்த உறைவிடத்தைத் தானமாகக் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. வடக்கே அசோகன் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சொன்ன 'சத்தியபுத்திரர்' யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். அந்தப் பட்டத்தை அதியமானுக்குச் சூட்டியிருக்கும் ஜம்பைப் பாறை வழக்கைத் தீர்த்துவைத்தது. பாறையைச் சுற்றி ஆடு மேய்க்கிறவருக்கு, அறுப்புக்குப் போகிறவருக்கு இதை யார் சொன்னார்கள்? கொடுத்த மன்னன் பெயர் பாறையில் இருக்கிறது. உளி பிடித்து எழுத்தை வெட்டியவன் பெயர் இல்லை. இதைக் கேட்க உழைப்பாளிக்குத்தான் முதல் உரிமை!

பாரியின் நண்பர் கபிலர் உயிர்நீத்த இடம் என்று தென்பெண்ணை நடுவே ஒரு குன்றைக் காட்டுகிறது மரபு. திருக்கோவிலூரில் பண்பாட்டுக் கழகத்தார் பல ஆண்டுகளாகக் கபிலர் விழா நடத்திவருகிறார்கள். பாராட்டுகிறோம். கல்லூரிகளும் அப்படி ஊர் நடுவே வரவேண்டும்.

கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆதிக்கம் நீடித்தது. அந்தக் காலத்தைக் கண்ணால் கண்ட முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்யாவிட்டால் அந்தச் சரித்திரம் அவர்களோடு புதைந்துபோகும். ஜாகீர்தாரின் தஸ்தாவேஜுதான் மிஞ்சும்!

"கூலி உயர்வுக்கே போராட வேண்டியிருக்கிறது, கலை எதற்கு?" என்று நம் தோழர்களில் சிலரே கேட்கக்கூடும். கம்பனையும் பாரதியையும் தொழிலாளர் கூட்டங்களில் முழங்கிய ஜீவா, 1961இல் கலை இலக்கியப் பெருமன்றத்தை ஏன் தோற்றுவித்தார்? இங்கிலாந்தில் 1899இல் தொழிலாளர்களுக்கென்று ரஸ்கின் கல்லூரி என்ற சிறு கல்லூரி எழுந்தது. 1909இல் அதன் முதல்வரை நீக்கியதை எதிர்த்து மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் வர்க்கத்துக்கு உதவுகிற பாடம் வேண்டுமென்று தனிக் கல்லூரியே கண்டார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ரயில்வே தொழிலாளர் சங்கமும் அதைத் தாங்கி நின்றன. கூலிக்குப் போராடியவர்களே கல்விக்கும் போராடினார்கள். தன் சரித்திரம் தெரியாத வர்க்கத்தை ஏய்ப்பது எளிது.

ஆகவே நாம் கோருவது இவைதான்:

மாதம் ஒரு முறையாவது கல்லூரியின் கலை, இலக்கிய, சரித்திர நிகழ்ச்சி இரவு 7 மணிக்குமேல், கட்டணமின்றி, கிராமத்திலேயே நடக்கட்டும். சேரியும் ஊரும் ஒரே பாயில் உட்காரும் பொது இடத்தில் நடக்கட்டும்.

கூத்துக் கலைஞருக்குப் பொன்னாடை மட்டும் போதாது. பேராசிரியருக்குத் தரும் சன்மானத்தையே அவருக்கும் தரவேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கிராம முகாமில் தெரு கூட்டுவதோடு நின்றுவிடாமல், மலை மக்களும் விவசாயத் தொழிலாளர்களும் சொல்வதை எழுதிக்கொண்டு வரட்டும். எழுதியதை அந்த ஊரிலேயே படித்துக் காட்டட்டும்.

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு விளக்கு, ஒரு ஒலிபெருக்கி, மனம் - இவை போதும். ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் கல்லூரி முதல்வர்களை நேரில் கண்டு இதைக் கேட்க வேண்டும். இடம் தருகிறோம், ஆள் திரட்டுகிறோம் என்று சொல்லவேண்டும்.

தென்பெண்ணை மணலில் லட்சோப லட்சம் கால்கள் பதிந்திருக்கின்றன. அந்தக் கால்கள் கல்லூரி வாசலையும் மிதிக்கட்டும்!