நெல்லை தந்த வேதநாயக சாஸ்திரியார்



"சாமி, பிரிந்த சபையாரின் கீர்த்தனையை நாம் திருப்பலியில் பாடலாமா?" என்று பாடகர் குழுத் தம்பி ஒருவன் அண்மையில் நம்மிடம் வினவினான். அவன் காட்டியது வேதநாயக சாஸ்திரியாரின் பாடல். அவர் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. எனவே இம்மாதம் அவரைப் பற்றியே எழுதுகிறோம்.

சாஸ்திரியார் நம் ஊர்க்காரரே. 1774 செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை தேவசகாயம் முதலில் கத்தோலிக்கர். பின்னர் சீர்திருத்த சபையில் சேர்ந்தவர். 1785இல் ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து, குளோரிந்தா எழுப்பிய ஆலயத்தை அர்ப்பணித்தார். அக்காலத்தில் இச்சிறுவனின் திறமையைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் மன்னரான சரபோஜியும் அங்கே சுவார்ட்ஸின் மாணாக்கரே.

சாஸ்திரியாரிடம் இரு நீரோட்டங்கள் கலந்தன. போதகர்கள் தந்த மறைக்கல்வியும் வானநூல், நிலநூல் அறிவும் ஒன்று. தமிழ் மண்ணின் இசையும் கூத்தும் மற்றொன்று. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதர் மீது பாடிப் புகழ்பெற்ற அந்தக் குறவஞ்சி வடிவத்திலேயே இவர் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். கிறிஸ்துவை நினைந்து ஏங்கும் சீயோன் மகளுக்கு அதில் குறத்தி குறி சொல்கிறாள். நற்செய்தி நம் வீட்டு முற்றத்து மொழியில் பேசிற்று.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. 1820களில் புதிய போதகர்கள் ஆலயத்தில் சாதி பார்த்து அமரும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தனர். சாஸ்திரியார் பழைய வழக்கத்தின் பக்கமே நின்று வாதாடினார். தமிழிசைக்காகப் போராடிய அதே எழுதுகோல் அதற்கும் துணைபோயிற்று. 1864 ஜனவரி 24இல் அவர் மறைந்தார்.

இதைக் கேட்டுப் பிற சபையாரைக் குறைகூற வேண்டாம். வடக்கன்குளத்தில் நம் ஆலயத்திலேயே சாதிக்கென எழுந்த தடுப்புச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

தம்பிக்கு நாம் சொன்ன விடை இதுவே: "தாராளமாகப் பாடலாம். திருவழிபாட்டில் அந்தந்த மக்களின் இசைக்கு இடமுண்டென்று 1963இலேயே வத்திக்கான் சங்கம் கூறிவிட்டது. ஆனால் பாடும்போது உன் அருகில் நிற்பவன் யாரென்று பார்க்காதே. பாடலை இயற்றியவரால் கடக்க இயலாத வரம்பைப் பாடுகிற நாமாவது கடப்போம்."

இந்த ஞாயிறன்று உங்கள் பங்கில் யார் அருகில் யார் நிற்கிறார்கள்?