நாவே நடுவன்

உயர்ந்த மது எது என்று நம் விடுதியில் கேட்டுப் பாருங்கள். விலை அதிகமானதன் பெயரைத்தான் பலரும் சொல்வர். விலை வேறு, தரம் வேறு என்பதை நான் கற்றது வகுப்பறையில் அன்று. என் ஊராகிய சத்தியவேட்டில், பனையேறிக் காய்த்துப்போன கைகளை உடைய என் மாமாவிடம்.

சென்ற பொங்கல் விடுமுறைக்குக் கிளாஸ்கோவிலிருந்து வந்த என் அண்ணன் ஒரு புட்டி கொண்டுவந்தார். கிளென்லிவெட், 12 ஆண்டு. சிங்கிள் மால்ட் விஸ்கிகளில் முதற்படியில் நிற்பது. 'சிங்கிள்' என்றால் ஒரே வடிசாலையில் பிறந்தது. 'மால்ட்' என்றால் முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. அதனை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, சாற்றைப் புளிக்கச் செய்து, செப்புக் கொப்பரையில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது ஸ்காத்லாந்தின் சட்டம். புட்டியின்மேல் 12 என்றிருந்தால், உள்ளிருப்பதில் மிக இளையதற்கும் 12 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சட்டம் குறிக்கும் 21 வயதைக் கடந்தவன் நான். ஆதலால் அண்ணன் எனக்கும் ஒரு வாய் ஊற்றினார். "ஆகா, என்ன பொன்னிறம்!" என்றேன்.

"கலரப் பாத்து ஏமாறாதடா" என்றார் மாமா. அவர் சொன்னது சரியே. கருக்கிய சர்க்கரையால் நிறமூட்டிக்கொள்ள ஸ்காச்சுக்குச் சட்டமே இடம் தருகிறது. "மொதல்ல மோந்து பாரு. வாயக் கொஞ்சம் தொறந்து வச்சுக்க."

மோந்தேன். முதலில் நெடிதான் ஏறிற்று. நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டதும் நெடி அடங்கி மணம் விரிந்தது. பேரிக்காய், அதன்பின் அன்னாசி, அடியில் தேன். நாவில் வைத்தபோது முதலில் இனிப்பு, நடுவே மெல்லிய கார்ப்பு, முடிவில் மரத்தின் துவர்ப்பு. புகைவாடை சற்றும் இல்லை. ஆனால் சுவை விரைவில் விடைபெற்றுவிட்டது. தெளிவு உண்டு, மென்மை உண்டு, ஆழம் குறைவு. நூற்றுக்கு எழுபது தருவேன்.

மாமா இத்தனை சொற்களைச் செலவிடவில்லை. "வெடியக்காலம் எறக்கின கள்ளு மாதிரி. பொய் இல்லாத சரக்கு" என்றார்.

அண்ணன் மறுபடியும் ஊற்றப் போனார். மாமா தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "ருசி மொத வாயிலேயே தெரிஞ்சுபோச்சு. இன்னும் குடிச்சா அது ருசிக்கு இல்லப்பா." எவரும் பேசவில்லை. அவருடைய தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்த வீடு அது.

நிற்க. நண்பர்களே, நம் நாட்டுக் கடைகளில் விஸ்கி என்று விற்பதில் ஒரு பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்தது. தானியத்தில் பிறவாததை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் விஸ்கி என்றே ஏற்பதில்லை. பெயரைக் கடன் வாங்கிப் பெருமை கொள்கிறோம்! நம்மவர்க்குத் திறமை இல்லையா? உண்டு. பெங்களூரின் அம்ருத் வடிசாலை 2004இல் தன் சிங்கிள் மால்ட்டைக் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகம் செய்தது. ஸ்காத்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பங்கு அளவில் ஆவியாகிறது. பெங்களூரின் வெப்பத்திலோ 10 பங்குக்கும் மேல். ஆதலால் நம் மண்ணில் மது விரைந்து முதிர்கிறது. வயதின் எண்ணும் விலையைப் போன்றதே. அது மட்டும் தீர்ப்பாகாது.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1823இல் வந்த சட்டம் வரியைக் குறைத்து வழி திறந்தது. திருட்டுத்தனமாய்க் காய்ச்சிவந்த உழவர் நாட்டிலே, மறு ஆண்டே உரிமம் பெற்றார் கிளென்லிவெட்டின் ஜார்ஜ் ஸ்மித். ஏழை உழவனின் வாற்கோதுமை இன்று உலகம் போற்றும் பொருளாயிற்று. நம் பனை என்ன ஆயிற்று? சத்தியவேடு 1960 வரை செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். பின்னர் ஆந்திரத்தில் சேர்ந்தது. எல்லைக்கு இப்பால் உரிமம் பெற்றுக் கள் இறக்குவது தொழில். ஊத்துக்கோட்டைப் பக்கம் எல்லையைத் தாண்டினால், 1987 முதல் அதே செயல் குற்றம். ஆனால் அரசுக் கடையிலே புட்டிச் சாராயம் விற்பது குற்றமன்று! அங்கே சட்டம் திருடனைத் தொழிலாளி ஆக்கிற்று. இங்கே தொழிலாளியைத் திருடன் ஆக்கிற்று.

குடியுங்கள் என்று கூற வந்தேனல்லேன். குடியாதவன் எதனையும் இழந்துவிடவில்லை. சுவை அறிந்தவன் குடிக்கு அடிமையாக மாட்டான் என்றும் சொல்ல மாட்டேன். மாமாவின் தம்பியும் பனையேறியவரே. ஆனால் ஸ்காச்சை ரசனை என்றும் கள்ளை இழிவு என்றும் பிரித்துத் தீர்ப்புச் சொல்வது நாக்கு அன்று, பணப்பை. சுவைக்க விரும்புவோன் நாவை நடுவனாக்கட்டும். அந்த நடுவன் முன் வாற்கோதுமையும் பனையும் சமமாக நிற்கட்டும். தீர்ப்புச் சொன்னதும் மன்றம் கலையட்டும்.

அந்தப் புட்டி இன்றும் மாமா வீட்டு அலமாரியில் முக்கால் பங்கு நிறைந்தே இருக்கிறது.