மாலையில் குடும்பத்தோடு எங்கே போவது?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இரவு எட்டு மணிக்கு மேல் நாலு பேர் கூடிப் பேசிச் சிரிக்க எங்கே போகலாம் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் டாஸ்மாக் பார்தான். 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசே ஏற்றது. இன்று பகல் 12 மணி முதல் இரவு 10 மணிவரை அந்தக் கடைகள் தவறாமல் திறந்திருக்கின்றன. கடையை ஒட்டிய தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஒரு தட்டுச் சுண்டல்: அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பத்தான் அந்த இடம். பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. குடிக்காத ஆணுக்கும் அங்கே வேலையில்லை. சென்னையிலும் பெங்களூருவிலும் புதுச்சேரியிலும் நல்ல பார் எது என்று தேடும் இளைஞர்கள் மதுவை மட்டும் தேடுவதில்லை. வெளிச்சம், பாட்டு, கூட்டம், ஆணும் பெண்ணும் பயமில்லாமல் உட்காரும் நாற்காலி ஆகியவற்றையும் சேர்த்தே தேடுகிறார்கள். மதுவை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நம் மாவட்டத் தலைநகரங்களுக்குத் தர வேண்டும். அது அரசின் கடமை.

சின்ன ஊருக்கு எதற்கு இதெல்லாம், ஒன்பது மணிக்கே அடங்கிவிடுமே என்பார்கள். அடங்குவது கடைவீதிதான், ஊர் விழித்திருக்கிறது. அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. நாரணமங்கலத்தில் டயர் ஆலை, எறையூரில் காலணிப் பூங்கா, இரு மாவட்டங்களிலும் மருத்துவக் கல்லூரிகள், பெரம்பலூர் வழியே ஓயாத சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவருக்குச் சூடாக ஒரு தோசை, உட்கார ஒரு இடம் வேண்டாமா? 24 மணி நேரமும் கடை திறக்க அனுமதித்த 2019 அரசாணை, 10 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. இந்த ஊர்களின் உயிர்நாடியான, மூன்று நான்கு பேர் நடத்தும் புரோட்டா கடைக்கும் டீக்கடைக்கும் அதில் இடமில்லை. அதனால் இந்த அனுமதி பெருநகர மால்களுக்கே பயன்பட்டது.

இரவில் வெளியே சுற்றுவது நம் பண்பாடல்ல என்ற வாதம் இந்த மண்ணில் எடுபடாது. திருவிழாக் காலத்தில் கிராமத்துப் பெண்கள் பாயும் தலையணையுமாக வந்து, விடிய விடிய நாடகம் பார்த்த ஊர்கள் இவை. கூட்டமும் விளக்கும் இருந்ததால் அவர்களுக்குப் பயமில்லை. பயம் ஆளில்லாத இருட்டுத் தெருவில்தான். காவலர் போதாது என்பது நியாயமான கவலை. ஆனால் நூறு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் மைதானத்துக்கு, மூடிய கடைவீதியைவிடக் குறைந்த காவலே போதும். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடையுண்டு. ஆனாலும் பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்த ஒலி மாசு விதிகளே மாநில அரசுக்கு அதிகாரம் தருகின்றன. அந்த நாட்களில் சிலவற்றை நாடகத்துக்கும் பறைக்கும் இசைக்கும் ஒதுக்கலாம். மற்ற நாட்களில் சத்தமில்லாத உணவுத்தெரு போதும்.

குடி பெருகிவிடுமே என்று அஞ்சுகிறவர்கள், இப்போது வேறு எந்தப் பொழுதுபோக்கும் இல்லாமலேதான் அது பெருகியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் நகராட்சிகள் அடுத்த பட்ஜெட்டிலேயே ஒரு மைதானத்துக்கு விளக்கு, சுத்தமான பெண்கள் கழிப்பறை, தள்ளுவண்டிகளுக்கு உரிமம் என்று பணம் ஒதுக்கட்டும். அங்கிருந்து கிராமங்களுக்குக் கடைசி டவுன் பஸ் இரவு 11 மணிக்குப் புறப்படட்டும்.